மான்ஸ்ஃபீல்டு பிரபு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் 1756 முதல் 1788 வரை தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் மரே, அதாவது மான்ஸ்ஃபீல்டு பிரபு பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஐயா, 1772இல் ஒரே தீர்ப்பில் அவர் அடிமைமுறையை ஒழித்தார் என்கிறார்களே, சரியா?

பதில்: அவ்வளவு தூரம் அவர் போகவில்லை. ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமையை 1769இல் எஜமானர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கூட்டி வந்தார். 1771இல் சாமர்செட் தப்பி ஓடினார். பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்தார்கள். நண்பர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். மான்ஸ்ஃபீல்டுக்குத் தீர்ப்புச் சொல்லவே தயக்கம். எஜமானரே விடுவித்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் ஜூன் 22 அன்று, அடிமைமுறை வெறுக்கத்தக்கது, நேரடியான சட்டம் இருந்தால்தான் அது நிற்கும், இங்கே அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி சாமர்செட்டை விடுவித்தார். கண்டிப்பாகப் பார்த்தால், ஓர் ஆளை அவர் விருப்பமின்றி நாட்டை விட்டுக் கடத்திப் போகக்கூடாது என்பதுதான் தீர்ப்பு. காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. ஆனாலும், தயங்கித் தயங்கி வந்த அந்தச் சில வாக்கியங்களை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: அவர் வீட்டிலேயே ஒரு கறுப்பினப் பெண் வளர்ந்தாராமே?

பதில்: ஆமாம், டைடோ எலிசபெத் பெல். மான்ஸ்ஃபீல்டின் சகோதரி மகனான கடற்படை அதிகாரி ஜான் லிண்ட்சேக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். லண்டன் அருகே கென்வுட் மாளிகையில் வளர்ந்தார். அவர் சுதந்திரமானவர் என்பதை மான்ஸ்ஃபீல்டு தன் உயிலிலும் உறுதி செய்தார். ஊருக்கே சட்டம் சொன்னவர், அதைத் தனியாக எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் என்னை உலுக்குகிறது.

கேள்வி: அவர் வீட்டை ஏன் எரித்தார்கள்?

பதில்: கத்தோலிக்கர்களுக்குச் சலுகை தந்த சட்டத்தை எதிர்த்து 1780 ஜூனில் லண்டனில் கலவரம் நடந்தது. அவர் கத்தோலிக்கர்களுக்கு ஆதரவானவர் என்ற கோபத்தில் ப்ளூம்ஸ்பரி வீட்டை எரித்தார்கள். நூலகம் முழுக்கப் போயிற்று. அப்புறம், எதிர்ப்பைத் தூண்டிய ஜார்ஜ் கார்டன் பிரபு மீதான ராஜதுரோக வழக்கு 1781இல் மான்ஸ்ஃபீல்டு முன்னிலையிலேயே நடந்தது. ஜூரி கார்டனை விடுவித்தது.

கேள்வி: சென்னையோடு ஏதாவது தொடர்பு உண்டா, அண்ணா?

பதில்: உண்டு. 1776இல் மதராஸ் கவர்னர் பிகட் பிரபுவை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே மறு வருடம் இறந்தார். கைது செய்தவர்களில் நால்வரை லண்டனில் விசாரித்தவர் மான்ஸ்ஃபீல்டு. குற்றம் உறுதியானது. ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம், அவ்வளவுதான். அந்தப் பணக்காரர்களுக்கு அது ஒரு தண்டனையே இல்லை.