டெல்லி வரை போனால் வீட்டுப் பங்கு கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 61. பெரம்பூரில் கொள்ளுத்தாத்தா காலத்து வீடு எங்களுடையது. அது குடும்பப் பொதுச்சொத்து என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. 1984-இல் எனக்குத் திருமணம் ஆனது. அப்பா உயில் எழுதாமலே 2003-இல் காலமானார், அம்மாவும் இப்போது இல்லை. 2015-இல் பங்கு கேட்டு வழக்குப் போட்டேன். "1998-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம். கீழ்த்தளம் அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு, பின்கட்டு அப்பா அம்மாவுக்கு" என்றார்கள் சகோதரர்கள். சிட்டி சிவில் கோர்ட்டில் ஜெயித்தேன். மேல்முறையீட்டில், தனித்தனிச் சொத்துவரி ரசீதுகளைக் காட்டி அவர்கள் ஜெயித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் என் இரண்டாம் மேல்முறையீடு எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடியாகி 47 நாள் ஆகிறது. "டெல்லியில் ஆள் இருக்கிறது, உச்ச நீதிமன்றத்தில் உங்கள் மனுவை ஏற்க வைத்து அட்மிஷன் வாங்கித் தருகிறேன்" என்று தெரிந்தவர் ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்குமா?

பதில்: அம்மா, அந்த இரண்டு லட்சத்தை முதலில் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். வக்கீலுக்குக் கொடுப்பது ஃபீஸ். "அட்மிஷன் வாங்கித் தருகிறேன்" என்பவருக்குக் கொடுப்பதற்கு வேறு பெயர். அந்த உத்தரவாதத்தைத் தர டெல்லியில் எவராலும் முடியாது.

அடுத்து நாள் கணக்கு. உயர் நீதிமன்றத் தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலம் அந்தக் கணக்கில் கழியும். ஆனால் விண்ணப்பித்தால்தான் கழியும். நகல் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இந்த வாரமே காப்பி அப்ளிகேஷன் போடச் சொல்லுங்கள். நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு தனி மனு போடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பலவீனமாக நிற்பவர் அந்தச் சுமையையும் ஏன் தூக்க வேண்டும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விசாரிக்காது. அரசியல் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் நீங்கள் போடப்போவது மேல்முறையீடு அல்ல, மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு. சிறப்பு அனுமதி மனு என்போம், கோர்ட் பேச்சில் எஸ்.எல்.பி. அந்த அனுமதி உங்கள் உரிமை அல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை. பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள் அமர்ந்து, சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிடுவார்கள். 1998-இல் பாகம் நடந்ததா, எந்தச் சாட்சி உண்மை சொன்னார் என்பதெல்லாம் கீழ் நீதிமன்றங்களோடு முடிந்த கதை. அதையே திரும்பச் சொல்லி மனு எழுதினால் "டிஸ்மிஸ்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும்.

அப்படியானால் உங்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், அதுவும் இரண்டு.

ஒன்று, 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு. மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மத்தியத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார்கள். தமிழ்நாட்டின் 1989 திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே திருமணமான பெண்களை வெளியே நிறுத்தியது. 2005 மத்தியச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆகவே 1984 திருமணமோ 2003 மரணமோ உங்களைத் தடுக்காது. அதே தீர்ப்பு வாய்மொழிப் பாகத்தைப் பற்றியும் பேசுகிறது. மகள்களை ஏமாற்ற எளிய வழி "வாயால் பிரித்தோம்" என்பதுதான் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாததல்ல. வெறும் வாய்ச்சாட்சியை ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்கள் துணை நிற்கும் அபூர்வமான வழக்குகளில் மட்டுமே ஏற்கலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றம் இப்படி அறிவிக்கும் சட்டம், அரசியல் சட்டத்தின் 141-ஆவது பிரிவின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

சகோதரர்கள் இங்கே சும்மா இருக்க மாட்டார்கள். மாநகராட்சியின் சொத்துவரி ரசீதே அரசு ஆவணம்தானே என்பார்கள். வசதிக்காக வரியைப் பிரித்துக் கட்டினால் வீடே பிரிந்துவிட்டதாக ஆகாது என்பது உங்கள் பக்க வாதம். எது சரி என்பது சட்டக் கேள்வி. உயர் நீதிமன்றம் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பாகம் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். பின்கட்டு அப்பா அம்மாவுக்கு என்று சொன்னது உங்கள் சகோதரர்கள்தானே? 2003-இல் உயில் இல்லாமல் அப்பா இறந்தபோது அவர் பங்கு எங்கே போனது? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி மகளும் முதல் வகுப்பு வாரிசு. எதிராளி சொன்ன கதையை அப்படியே ஏற்றாலும் உங்களுக்கு ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. முழு வழக்கையும் தள்ளியது எப்படிச் சரி? இந்த வாதம் கீழே எழுப்பப்பட்டதா என்று கட்டைப் புரட்டிப் பாருங்கள். எழுப்பாமல் விட்டிருந்தால் வழி கொஞ்சம் கடினம், ஆனாலும் அடைபட்டுவிடவில்லை.

அனுமதி கிடைத்தால் உடனே வீட்டுச் சாவி கைக்கு வந்துவிடாது. சட்டக் கேள்வியை வகுத்து இரண்டாம் மேல்முறையீட்டை மறுபடி கேளுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். மனு போட்டதாலேயே எதுவும் நின்றுவிடவும் செய்யாது. வீட்டை புரமோட்டரிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், இருக்கிற நிலை மாறக் கூடாது என்ற இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். காரணம் எதுவும் சொல்லாமல் மனு தள்ளுபடியானால், உச்ச நீதிமன்றம் உங்கள் வழக்கில் சட்டம் சொல்லிவிட்டதாகப் பொருளில்லை. உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கேட்கும் கதவு அப்போதும் திறந்திருக்கும் என்பது 2000-இல் குஞ்ஞாயம்மது வழக்கில் தீர்ந்த விஷயம்.

"நேரே தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினால் என்ன?" என்று யாராவது சொல்வார்கள். அடிப்படை உரிமை பறிபோனால் அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் நேராக டெல்லி போகலாம். சொத்துரிமையோ 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தோடு அந்தப் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது. அண்ணன் தம்பி தகராறுக்கு அந்த வழி இல்லை.

அங்கே மனு தாக்கல் செய்ய, உச்ச நீதிமன்றம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு பெற்ற 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' வேண்டும். அவர் அலுவலகம் அந்த நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. ஆனால் வழக்கை உங்கள் சென்னை வக்கீலே எழுதித் தரலாம், நீங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. (உச்ச நீதிமன்றம் வேறு ஊர்களிலும் அமரலாம் என்று 130-ஆவது பிரிவு சொல்கிறது. சென்னையில் ஒரு கிளை வேண்டும் என்று எங்கள் தலைமுறையும் கேட்டு ஓய்ந்தாகிவிட்டது.)

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு விண்ணப்பிக்கும் வழியைச் சொல்வார்கள். மூன்று தீர்ப்புகளையும், சகோதரர்களின் எதிர்வழக்குரையையும் எடுத்துச் செல்லுங்கள். பின்கட்டு பற்றிய வாசகம் அதில்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: அந்தப் பின்கட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்? வாடகைக்கு விட்டிருந்தால் வாங்குவது அண்ணனா, தம்பியா? வக்கீலைப் பார்க்கும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள்.