நிக் சேபன் விலகியபின் அலபாமா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலபாமா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன், 2024 ஜனவரி 10, புதன்கிழமை மாலை டஸ்கலூசாவில் தம் வீரர்களைக் கூட்டி, ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். அங்கே 17 பருவங்களில் ஆறு தேசியப் பட்டங்கள்; அதற்கு முன் 2003இல் லூசியானாவின் எல்.எஸ்.யு. அணிக்கு வென்று தந்ததையும் சேர்த்தால் ஏழு. வியாழன் காலை முதல் குவிந்த கேள்விகளில், பொறுப்புடன் விடை சொல்லக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: தனியார் விமானங்களின் பயணத்தடத்தைக் காட்டும் தளங்களை நம்பி, அடுத்த பயிற்சியாளர் யார் என்ற எந்த முடிவுக்கும் யாரும் வர வேண்டாம். நன்கொடையாளர்களும் வணிகர்களும் அதே விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள்.

கேள்வி: மிச்சிகனிடம் தோற்றதால்தான் போகிறாரா?

இல்லை என்றே கருதுகிறேன். ஜனவரி 1 அன்று, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றின் அரையிறுதியான ரோஸ் பவுலில் கூடுதல் நேரம்வரை சென்று 27-20 என்ற கணக்கில் தோற்றது உண்மை. ஆனால் செப்டம்பரில் சொந்த மைதானத்தில் டெக்சாஸிடம் தோற்றபின் இந்த அணி முடிந்துவிட்டது என்று எழுதப்பட்ட நிலையிலிருந்து, தொடர்ந்து 29 ஆட்டங்கள் வென்றிருந்த ஜார்ஜியாவை எஸ்.இ.சி. (அலபாமா ஆடும் தென்கிழக்கு லீக்) இறுதியில் வீழ்த்தும் அளவுக்கு அதை வளர்த்தெடுத்தவர் அவர். அவருடைய மிகச் சிறந்த பயிற்சிப் பணிகளில் ஒன்றாக இப்பருவத்தை நான் வைப்பேன்.

காரணத்தை வேலையின் இயல்பில் தேட வேண்டும். அவருக்கு வயது 72. ஒவ்வொரு ஜனவரியிலும் துணைப் பயிற்சியாளர்கள் சிலர் வேறிடம் செல்வார்கள். புதியவர்களைச் சேர்க்க வேண்டும். அப்படி வருபவரும், பதினேழு வயது மாணவனை அனுப்பிவைக்கும் பெற்றோரும், "இன்னும் எத்தனை ஆண்டு இருப்பீர்கள்?" என்று கேட்பார்கள். நேர்மையான விடை சொல்ல முடியாத நாளில் ஒருவர் விலகுவதே முறை. இதனுடன், 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்றாகிவிட்டதால், அணியில் இருப்பவர்களையே ஆண்டுதோறும் மீண்டும் தக்கவைத்தாக வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்கு அந்த உரிமை நெடுங்காலத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். ஆயினும் எழுபதைக் கடந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய கூடுதல் சுமை என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா வாசகர்): அடுத்தவர் யார்? உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள்.

ஆரெகன் பயிற்சியாளர் டான் லானிங்கின் பெயரே முதலில் அடிபட்டது. தாம் எங்கும் போகவில்லை என்று அவர் இன்று காணொளியிலேயே சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தை முறித்தால் செலுத்த வேண்டிய தொகையும் இரண்டு கோடி டாலர். ஸ்டீவ் சார்கீசியன் 2020 பட்டத்தின்போது அலபாமாவின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் என்றாலும், டெக்சாஸை இப்போதுதான் பிளேஆஃப்புக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அந்த அணியும் 2024 கோடையில் எஸ்.இ.சி.க்குள் வருகிறது. அவர் ஏன் நகர வேண்டும்? ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் நோர்வெல் 13-0 (13 வெற்றி, தோல்வி இல்லை) என்று வென்றும் பிளேஆஃப்பில் இடம் மறுக்கப்பட்டவர். அந்த இடத்தைப் பெற்றது அலபாமா. அந்த வீரர்களை விட்டுவிட்டு அதே அலபாமாவுக்குப் போவது அவருக்கு எளிதாக இராது.

என் தேர்வு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோர். பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் பதிவேட்டைப் பாருங்கள். சியூ ஃபால்ஸ் என்ற சிறு கல்லூரியில் 67 வெற்றிகள், மூன்றே தோல்விகள், சிறு கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. அமைப்பின் மூன்று பட்டங்கள். பின்னர் ஃப்ரெஸ்னோ ஸ்டேட். 2021இல் 4-8 என்று சரிந்துகிடந்த வாஷிங்டனை ஏற்று, இரண்டு ஆண்டுகளில் 25 வெற்றிகள், 3 தோல்விகள்; இந்தத் திங்கள்கிழமை தேசிய இறுதியில் மிச்சிகனிடம் தோற்றார். தலைமைப் பயிற்சியாளராக மொத்தம் 104-12. குறை ஒன்றுண்டு: தென் மாநிலங்களில் அவர் பணியாற்றியதே இல்லை. ஜார்ஜியாவிலும் ஃப்ளோரிடாவிலும் வீரர்களை அனுப்பும் பள்ளிப் பயிற்சியாளர்களின் நம்பிக்கையைப் பெற அவருக்குக் காலம் பிடிக்கும்.

கேள்வி: டாபோ ஸ்வின்னி வருவாரா?

அலபாமாவில் படித்து, 1992 பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றவர். கிளெம்சனின் பயிற்சியாளராக 2016, 2018 பட்டங்களை அலபாமாவை வீழ்த்தியே வென்று தந்தவர். ஆகையால் ஆசை புரிகிறது. ஆனால் பிற கல்லூரிகளிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக வரும் வீரர்களைச் சேர்க்க அவர் தயங்குகிறார். இன்றைய அலபாமாவுக்கு அந்தத் தயக்கம் பொருந்தாது. வரமாட்டார்.

கேள்வி: பில் பெலிசிக் இன்று பேட்ரியாட்ஸை விட்டு விலகிவிட்டாரே?

தொழில்முறை லீக் என் துறையன்று.

கேள்வி: விண்ணப்பங்களை வாங்கி இரண்டு வாரம் நிதானமாகத் தேடினால் என்ன?

தேட முடியாது. 2024 ஜனவரியில் இருந்த விதிப்படி, தலைமைப் பயிற்சியாளர் விலகிய நாளிலிருந்து 30 நாட்களுக்கு அந்த அணியின் வீரர்கள் எவரும் போர்ட்டலில் பெயர் பதிந்து வேறு கல்லூரிக்குச் செல்லலாம். அலபாமாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் பர்ன் வீரர்களிடம் 72 மணி நேரம் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொண்டது இதனால்தான். பின்காப்பு வீரர் கேலப் டவுன்ஸ் போன்ற ஒருவர் போய்விட்டால், வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அடுத்த பருவத்துக்குள் அந்த இடத்தை நிரப்ப முடியாது. மிகச் சிறந்தவரை மூன்றாம் வாரத்தில் கொண்டுவருவதைவிட, ஏறத்தாழ அவருக்கு இணையானவரை மூன்றாம் நாளில் கொண்டுவருவதே மேல். இந்த மாற்றம் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

கேள்வி (ஹன்ட்ஸ்வில் வாசகர்): யார் வந்தாலும் வீண். சாதனையாளரைத் தொடர்ந்து வந்தவர் தோற்பார் என்பது அலபாமாவிலேயே நிரூபணமானது. சாதனைப் பயிற்சியாளர் பேர் பிரையன்டுக்குப்பின் வந்த ரே பெர்கின்ஸை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்வதை ஏற்கவும் இயலவில்லை. பெர்கின்ஸ் நான்கு பருவங்களில் 32 வெற்றி, 15 தோல்வி, ஒரு சமன். 1984இல் 5-6 என்று சரிந்தது 1957க்குப்பின் அலபாமாவின் முதல் தோல்விப் பருவம் என்பது உண்மையே. ஆனால் 1986இல் அவர் பத்து ஆட்டங்கள் வென்றார், பிறகு தாமாகவே தொழில்முறை அணிக்குச் சென்றார். எதிர் உதாரணம் நெப்ராஸ்கா. பாப் டெவேனிக்குப்பின் 1973இல் வந்த டாம் ஆஸ்போர்ன் 25 ஆண்டுகளில் 255 வெற்றிகளும் மூன்று தேசியப் பட்டங்களும் பெற்றார்.

அதே வாசகர்: ஆஸ்போர்ன் விதிவிலக்கு. அவர் டெவேனியின் உதவியாளர். உள்ளிருந்து வந்தவர் மட்டுமே தாக்குப்பிடிப்பார்.

பெர்கின்ஸும் உள்ளிருந்து வந்தவரே. பிரையன்டிடம் ஆடிய மாணவர். அவர் வந்ததும் பந்துடன் ஓடுவதையே பெரிதும் நம்பிய பிரையன்டின் விஷ்போன் ஆட்டமுறையைக் கைவிட்டார். பயிற்சித் திடலில் பிரையன்ட் நின்று பார்த்த கோபுரத்தையும் அகற்றினார். பிரையன்டோ தம் கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள், 1983 ஜனவரியில் காலமானார். ஊரே துக்கத்தில் இருந்தபோது செய்யப்பட்ட மாற்றங்கள் அவை. ஆஸ்போர்னுக்கோ, டெவேனி விளையாட்டுத் துறை இயக்குநர் நாற்காலியில் அமர்ந்து பாதுகாப்பு அளித்தார். ஓக்லஹோமாவிடம் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தோற்ற ஆஸ்போர்னை அவர் வெளியேற்றவில்லை. முதல் தேசியப் பட்டம் வந்தது 1994இல், இருபத்திரண்டாம் பருவத்தில்! ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, வருபவர் உள்ளூர்க்காரரா என்பதையன்று. நிர்வாகம் அவருக்கு எத்தனை ஆண்டு தரும் என்பதை.

இன்னொரு வாசகர்: அப்படியானால் ஆஸ்போர்னுக்குப்பின் வந்த ஃபிராங்க் சோலிச்?

நன்றி, என் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று இல்லை. சோலிச் 58 வெற்றி, 19 தோல்வி. ஒன்பது வெற்றிகள் பெற்ற 2003 பருவத்தின் முடிவில் அவரை நீக்கினார்கள். 1999இல் அவர் வென்ற லீக் பட்டத்துக்குப்பின் நெப்ராஸ்கா இன்றுவரை ஒன்றுகூட வெல்லவில்லை. பின்வந்தவர் தோற்கவில்லை, பொறுமை இழந்தவர்கள் தோற்றார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் பாபி பௌடனுக்குப்பின் வந்த ஜிம்போ ஃபிஷர் நான்காம் பருவத்திலேயே 2013 பட்டத்தை வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வழக்கை இத்துடன் நிறுத்துகிறேன். இரவு முழுவதும் இதற்கே போய்விட்டது, பிறர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: டாபோ ஸ்வின்னிக்கு வாய்ப்பு உண்டா?

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: சியாட்டிலிலிருந்து ஒரு விமானம் கிளம்பியதாகச் சொல்கிறார்களே?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி: லேன் கிஃபின்?

திறமையான தாக்குதல் மூளை, 2014 முதல் 2016 வரை அங்கேயே பணியாற்றியவர். இம்முறை முன்வரிசையில் இல்லை.

கேள்வி: டாபோவை ஏன் யாரும் பேசவில்லை?

மூன்றாம் முறை இக்கேள்வி வந்திருக்கிறது. இனி இதற்குப் பதில் தரமாட்டேன்; முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை சேர்த்தது: டிபோர் அலபாமாவுக்குச் செல்வது உறுதியாகிவிட்டது. பர்ன் கேட்ட 72 மணி நேரம் முழுவதும் தேவைப்படவில்லை.

கேள்வி (சியாட்டில் வாசகர்): உங்கள் கணிப்பு பலித்ததில் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். நான்கு நாட்களுக்கு முன் தேசிய இறுதியில் ஆடிய எங்கள் அணியின் கதி என்ன?

எனக்கு மகிழ்ச்சி இல்லை. உங்கள் வருத்தம் நியாயமானது. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸின் கல்லூரிக் காலம் எப்படியும் முடிந்துவிட்டது. ஆனால் எஞ்சியிருக்கும் இளைய வீரர்களுக்கு அதே 30 நாள் வாசல் இப்போது உங்கள் பக்கத்திலும் திறந்திருக்கிறது. டிபோரை நம்பி டிசம்பரில் கையெழுத்திட்ட பள்ளி மாணவர்கள், அணியில் சேர்வதாக உறுதியளித்த கடிதத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்டால், பல்கலைக்கழகம் தடுக்காமல் விடுவிக்க வேண்டும். பயிற்சியாளருக்கு இருக்கும் சுதந்திரம் பதினெட்டு வயது மாணவனுக்கு மறுக்கப்படக் கூடாது.

அடுத்தவராக அரிசோனாவின் ஜெட் ஃபிஷைப் பரிசீலிப்பார்கள் என்று எண்ணுகிறேன். 2021இல் 1-11 ஆக இருந்த அணியை இந்தப் பருவம் 10-3க்குக் கொண்டுவந்தவர். டிபோரின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ரையன் கிரப் இன்னொரு வழி. ஃபிஷ் வந்தால் அரிசோனா தேடத் தொடங்கும். அங்கே செல்பவர் இன்னொரு கல்லூரியைக் காலியாக்குவார். வாஷிங்டன் 2024 கோடையில் பிக் டென் லீக்குக்கு மாறுவதால், உங்கள் நிர்வாகமும் அலபாமாவைப் போலவே நாட்களைத்தான் எண்ண வேண்டும், வாரங்களை அல்ல.