மியூனிக்கா, லைப்சிக்கா: தொழிலும் ஊரும் ஒன்றாக மாறும்போது

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகள் இயந்திர வடிவமைப்புப் பொறியாளராக இருந்துவிட்டு ஸ்டுட்கார்ட் அருகே வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதியில்) சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வாகனத் துறையில் ஆட்குறைப்புச் செய்திகள் ஓயாமல் வருவதால், மாலை நேரங்களில் கற்றுக்கொண்ட நிரலாக்கத்தை வைத்து மென்பொருள் பக்கம் மாற நினைக்கிறீர்கள். மியூனிக்கில் தொடங்கி மூன்றே ஆண்டுகளான ஒரு சிறு நிறுவனம் தரவு ஆய்வாளர் வேலைக்கு ஆண்டுக்கு 62,000 யூரோ தருவதாகவும், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் செய்யும் பழைய நிறுவனம் ஒன்று 52,000 யூரோ தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியையான மனைவியும் நான்கு வயது மகளும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். "பத்தாயிரம் யூரோவை விட்டுவிட்டுக் கிழக்கே போவது சரியா அக்கா?" என்பது உங்கள் கேள்வி. அந்தப் பக்கம் குடியேறிகளை எப்படி நடத்துவார்களோ என்ற அச்சத்தையும் எழுதியிருக்கிறீர்கள்.

சரி என்பதே என் எண்ணம். ஆனால் இன்றே கையெழுத்துப் போட்டு அடுத்த மாதமே சேர்வது சரியல்ல. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்தாயிரத்தைப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் எழுதப்படுவது புரூட்டோ, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம். மனைவி ஜெர்மனியில் பதிவு செய்து வாழத் தொடங்கும்வரை நீங்கள் தனியாள்களுக்கான முதலாம் வரிவகுப்பிலேயே இருப்பீர்கள். அந்த வகுப்பில் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் போக 62,000-இல் மாதம் ஏறத்தாழ 3,200 யூரோவும், 52,000-இல் ஏறத்தாழ 2,800 யூரோவும் கையில் வரும். ஆகவே நீங்கள் எடைபோடுவது பத்தாயிரத்தை அல்ல, மாதம் நானூறு யூரோவை. மியூனிக்கில் புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். லைப்சிக்கில் அது 10 யூரோவை ஒட்டித்தான் இருக்கிறது. மூன்று பேருக்கு 70 சதுர மீட்டர் வீடு என்று வைத்துக்கொண்டால், வெப்பமூட்டும் செலவு சேராத வெறும் வாடகையிலேயே எழுநூறு யூரோ வேறுபாடு வந்துவிடுகிறது. கூடுதலாகக் கிடைக்கும் நானூறைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை வீட்டு உரிமையாளர் வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் இல்லாமல், பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கும் இளைஞருக்கு இந்தக் கணக்கு மாறும். குடும்பத்தை அழைத்துவர இருக்கும் உங்களுக்கு மாறாது.

பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதை என் கதையிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. 2009-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகருக்கு மின்பொறியாளராக வந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து, உங்களைப் போலவே மென்பொருளுக்கு மாற ஆசைப்பட்டு, மியூனிக்கில் ஒரு நிறுவனம் அதிகச் சம்பளம் தந்ததால் இருந்த வேலையை விட்டுவிட்டுப் போனேன். அங்கு எடுத்த வீட்டில் சமையலறை என்று ஓர் அறை இருந்தது. சுவரிலிருந்து இரண்டு குழாய்களும் ஒரு மின்கம்பியும் நீட்டிக்கொண்டிருந்தனவே தவிர வேறொன்றும் இல்லை. ஜெர்மனியில் பல வீடுகளை இப்படித்தான் வாடகைக்கு விடுகிறார்கள். அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் குடிவருபவரே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். நான்கு மாதங்கள் ஜன்னல் திண்டில் மின்குக்கரை வைத்துச் சோறாக்கி, குளியலறையில் பாத்திரம் கழுவி, பணம் சேர்த்து, ஏறத்தாழ நாலாயிரம் யூரோ செலவில் சமையலறையைப் பொருத்தினோம். பொருத்திய பன்னிரண்டாம் நாள், வேலையில் சேர்ந்து ஐந்தரை மாதமாகியிருந்த ஒரு வியாழக்கிழமை மாலையில், மேலாளர் என்னை அழைத்து ஓர் உறையைக் கொடுத்தார். இந்த நாட்டில் பணிநீக்கத்தைக் கையெழுத்திட்ட காகிதத்தில்தான் தர வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. அந்தக் காகிதத்தில் காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எழுத வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. தகுதிகாண் காலம் ஆறு மாதம்வரை இருக்கலாம். அதற்குள் இரு தரப்பில் எவரும் இரண்டு வார முன்னறிவிப்போடு, காரணம் சொல்லாமலே, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கடந்த பிறகுதான், அதுவும் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில்தான், பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். அதே வேளையில் வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். வேலை இரண்டு வாரத்தில் போய்விடும், வீடு மூன்று மாதத்துக்கு விடாது. மூன்று மாத வாடகைக்கு ஈடான முன்பணமும் அதில் முடங்கிக் கிடக்கும். அந்தக் குளிர்காலத்தில் எங்களைக் காப்பாற்றியது, மூன்று ஆண்டுகள் நான் கட்டியிருந்த வேலையின்மைக் காப்பீடு ஒன்றுதான்.

தம்பி, அந்தக் காப்பீடு உங்களுக்கு இன்னும் கிடையாது. வேலையின்மை உதவித்தொகை பெற வேண்டுமானால் கடைசி முப்பது மாதங்களில் மொத்தம் பன்னிரண்டு மாதங்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு எட்டுத்தான் ஆகியிருக்கிறது. புதிய வேலையில் அடுத்த மாதம் சேர்ந்து, அது இரண்டாம் மாதத்திலேயே முறிந்தால் கையில் ஒன்றுமே இருக்காது. பன்னிரண்டு மாதங்களை முடித்துவிட்டுப் போனால், பிள்ளை உள்ளவர் என்ற முறையில் கடைசி நிகர சம்பளத்தில் 67 விழுக்காடு கிடைக்கும். அதுவே நீங்களாக வேலையை விட்டால் பன்னிரண்டு வாரங்கள்வரை தொகையை நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

ப்ளூ கார்டும் இதே பன்னிரண்டு மாதத்தைத்தான் சுட்டுகிறது. முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் நிறுவனம் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் முப்பது நாள் மாற்றத்தை நிறுத்திவைத்துப் பரிசீலித்து, நிபந்தனைகள் பொருந்தவில்லை என்றால் மறுக்கவும் முடியும். ப்ளூ கார்டுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பைப் பொறுத்தவரை இரண்டு வேலைகளுமே தேறிவிடும். 2026-க்கான பொது வரம்பு 50,700 யூரோ, பொறியியலும் தகவல் தொழில்நுட்பமும் அடங்கிய ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு அதைவிடவும் குறைவு. அந்த அலுவலகத்தார் நின்று பார்க்கும் இடம் வேறு: ப்ளூ கார்டு வேலை உங்கள் படிப்புக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். இயந்திரப் பொறியியல் பட்டத்தோடு இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் வேலைக்குப் போவதை விளக்க ஒரு வரி போதும். அதே பட்டத்தோடு இணைய விற்பனைத் தரவுகளை அலசும் வேலைக்குப் போனால் விளக்கம் நீளும். ப்ளூ கார்டு பொருந்தாவிட்டால், தொழில் திறன் தேவைப்படும் எந்த வேலைக்கும் செல்லுபடியாகும் வேறு அனுமதி பட்டதாரிகளுக்கு உண்டு என்பதால் நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலை வராது. ஆனால் நிரந்தர வசிப்புரிமைக்கு ப்ளூ கார்டில் ஏ1 (தொடக்கநிலை) ஜெர்மனோடு 27 மாதம், பி1 (இடைநிலை) ஜெர்மனோடு 21 மாதம் போதும். அந்த வேறு அனுமதியில் மூன்று ஆண்டுகள் ஆகும். நீங்கள் இப்போதே எட்டு மாதத்தைக் கடந்துவிட்டீர்கள். பி1 தேர்வில் தேறினால் இன்னும் பதின்மூன்று மாதம். அதன்பின் எந்த நிறுவனத்தின் உறையும் உங்கள் குடும்பத்தின் வசிப்புரிமையைத் தொட முடியாது. நிரலாக்கத்துக்குச் செலவிடும் மாலை நேரத்தில் பாதியை ஜெர்மன் மொழிக்குத் தாருங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

இனி தொழிலைப் பற்றி. அந்த உறையில் எழுதப்படாத காரணத்தை நான் வெகு நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். அவர்கள் கொடுத்த சம்பளம் அனுபவசாலியின் சம்பளம். நானோ அந்தத் தொழிலில் முதலாம் ஆண்டு மாணவி. என் மின்பொறியியல் அறிவுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஆறு மாதத்தில் என்னை மதிப்பிட்டது, பத்து ஆண்டுகள் மென்பொருளில் இருந்தவரை மதிப்பிடும் அதே அளவுகோலால். அதற்கு அடுத்து நான் சேர்ந்தது நியூரம்பெர்க்கில், மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருளைச் சோதிக்கும் வேலையில். சம்பளம் குறைவு. ஆனால் கருவியின் மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று அந்தக் குழுவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நிரலில் எனக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித்தந்தார்கள். மின்சாரத்தில் அவர்களுக்குத் தெரியாததை என்னிடம் கேட்டார்கள். தொழில் மாறுகிறவருக்குக் காலூன்ற அப்படி ஓர் இடம் வேண்டும். லைப்சிக் நிறுவனத்தில் உங்கள் ஒன்பது ஆண்டு இயந்திர வடிவமைப்பு அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது. மியூனிக்கில் அது சுயவிவரத்தில் ஒரு வரியாக நின்றுவிடும்.

இரண்டு நிறுவனங்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: முதல் மூன்று மாதம் எனக்குக் கற்றுத்தரப்போகிறவர் யார், அவரோடு அரை மணி நேரம் பேசலாமா? பெயரைச் சொல்லி, நேரம் ஒதுக்கித் தருகிற நிறுவனம் உங்களுக்காக யோசித்திருக்கிறது. பேச்சை மாற்றுகிற நிறுவனத்துக்கு நாற்காலியில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ப்ளூ கார்டு உள்ளவரின் துணைவர் ஜெர்மன் தேர்வு எழுதாமலே வரலாம், வந்த நாளிலிருந்து எந்த வேலையும் செய்யலாம். ஆனால் ஆசிரியர் தொழில் இங்கே உரிமம் தேவைப்படும் தொழில். அரசுப் பள்ளியில் கற்பிக்க அந்தந்த மாநிலத்தின் அங்கீகாரமும் மிக உயர்ந்த நிலை ஜெர்மனும் வேண்டும். பெரும்பாலும் இரண்டு பாடங்களில் பட்டத் தகுதியும் கேட்பார்கள். பல ஆண்டுப் பாதை அது. அந்த ஆண்டுகளில் அவர் வகுப்புக்குப் போக வேண்டுமானால் மகளுக்கு மழலையர் காப்பகத்தில் இடம் கிடைக்க வேண்டும். ஒரு வயதிலிருந்தே பிள்ளைக்கு அந்த இடம் சட்டப்படி உரிமை என்றாலும், மியூனிக்கில் ஊழியர் பற்றாக்குறையால் பெற்றோர் மாதக்கணக்கில் காத்திருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். லைப்சிக்கில் பிறப்பு எண்ணிக்கை குறைந்துவிட்டதால் காப்பகங்களில் இடம் காலியாக இருக்கிறது. உங்கள் மனைவி ஜெர்மன் வகுப்பில் எப்போது உட்கார முடியும் என்பதை இந்த ஒன்றே தீர்மானித்துவிடும். இரண்டு ஒப்பந்தங்களையும் அவரிடம் படித்துக் காட்டினீர்களா?

கிழக்கு ஜெர்மனியைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சிதான் முதலிடம் பெற்றது. அதை மறைத்து உங்களை அங்கே போகச் சொல்வது நேர்மையாகாது. அதோடு, ஆறு லட்சம் பேர் வாழும் லைப்சிக் 1409-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைக் கொண்ட மாணவர் நகரம் என்பதையும், மாநிலத்தின் சிற்றூர்களில் இருக்கும் மனநிலை இந்நகரத்தில் அப்படியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மியூனிக்கில் கிடைக்கும் அளவுக்குத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே கிடைக்கமாட்டார்கள். பொங்கலுக்கு இருபது வீட்டார் கூடும் இடத்தை எதிர்பார்க்க முடியாது. இதை மனைவியும் அறிந்தே சம்மதிக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துப் போய், இரண்டு இரவு தங்குங்கள். அலுவலகம் இருக்கும் பகுதிக்கு மட்டுமல்லாமல், நீங்கள் வீடு எடுக்கக்கூடிய பகுதிக்கும் மாலை ஏழு மணி டிராமில் போய்வாருங்கள். விளையாட்டுத் திடலில் எப்படிப்பட்ட பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மளிகைக் கடையில் உங்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பப்போகிற ஊரில் மனம் ஒப்ப வேண்டும்.

ஒப்பினால், லைப்சிக்காரர்களுக்கு இந்த வாரமே எழுதி, வேலையில் சேரும் நாளை நான்கரை மாதம் தள்ளிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், மூன்று மாத முன்னறிவிப்பு சாதாரணமாக இருக்கும் நாட்டில் இப்படிக் காத்திருப்பது நிறுவனங்களுக்குப் பழக்கமானதுதான். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்குப் பதில் தகுதிகாண் காலத்தை மூன்று மாதமாகக் குறைக்க முடியுமா என்றும், இடமாற்றச் செலவில் ஒரு பங்கு தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். எல்லாமே ஒப்பந்தத்தில் எழுத்தில் வந்து, இரு தரப்புக் கையெழுத்தும் விழுந்த பிறகுதான் ஸ்டுட்கார்ட் வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே தற்போதைய மேலாளரிடம் இடைக்காலப் பணிச்சான்று கேட்டால் சந்தேகம் வரும் என்பதால், அதைக் கேட்கும் நாளையும் கையெழுத்துக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது சமையலறை பொருத்தப்பட்டிருக்கிறதா என்று விளம்பரத்திலேயே தேடுங்கள். அதற்கு மாதம் ஐம்பது யூரோ கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். தகுதிகாண் காலம் முடியும்வரை சுவரில் எதையும் பொருத்த வேண்டாம். லைப்சிக்கின் ஒப்பந்த வரைவு வந்ததும் தகுதிகாண் காலம், முன்னறிவிப்பு, கூடுதல் நேர வேலை ஆகிய மூன்று பத்திகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
நியூரம்பெர்க்கிலிருந்து அக்கா