நெய்வேலிக்குப் பக்கத்தில் இருந்தும் ஏன் இந்த லோ வோல்டேஜ்?

கேள்வி: விருத்தாசலம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். நெய்வேலி எங்களுக்குப் பக்கம்தான். ஊர் எல்லையில் பெரிய கோபுரங்களில் மின்கம்பி போகிறது. ஆனாலும் மாலை 7 மணியானால், தெருக்கோடியில் உள்ள எங்கள் நான்கைந்து வீடுகளில் மின்விசிறி தளர்ந்து சுற்றுகிறது; பிரிட்ஜ் நின்றுவிடுகிறது. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி பொருத்தினால் வோல்டேஜ் கூடும், பில்லும் குறையும் என்று ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரம் நேராக உங்கள் ஊருக்கு வருவதில்லை. அங்கேயே மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ், உயர்த்தப்பட்டு, 230 அல்லது 400 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறிக் கர்நாடகம், கேரளம் வரை போகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் அதே அளவு மின்சக்தியை அனுப்பக் கம்பியில் ஓடும் கரண்ட் குறையும். கரண்ட் பாதியானால், கம்பி சூடாகி வீணாவது கால் பங்காகிவிடும். நெடுந்தொலைவு போனாலும் இழப்பு கட்டுக்குள் இருப்பது இதனால்தான். பிறகு துணை மின் நிலையங்களில் 110, 33, 11 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று பேஸ் (மின்சாரம் வரும் கம்பிகள்), ஒரு நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) எனப் பிரிந்து, உங்கள் வீட்டுக்கு 240 வோல்ட்டாக வந்து சேர்கிறது.

உங்கள் தொல்லை முழுவதும் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மெல்லிய அலுமினியக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம் தடை தரும். அதில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 20 வோல்ட் போய்விடும். எல்லா வீடுகளையும் ஒரே பேஸில் மாட்டி வைத்திருந்தால், நியூட்ரலில் திரும்பும்போது இன்னொரு 20 போகும். மிஞ்சுவது 200. விதிப்படி ஏற்ற இறக்கம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 225 வோல்ட்டுக்குக் கீழே போனாலே அது விதிமீறல். ஆண்டுக்கணக்கில் 180இல் வாழப் பழகிவிட்ட தெருக்கள் உண்டு. எழுத்தில் புகார் வராதவரை ஏட்டில் அங்கே குறையே இல்லை!

அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய கெபாசிட்டரும் பச்சை விளக்கும்தான். உங்கள் மீட்டர் யூனிட்டைக் கணக்கிடுகிறது. கெபாசிட்டர் மாட்டினால் யூனிட் குறையாது. தெருக் கம்பியில் தொலைந்த வோல்ட்டையும் அது மீட்டுத் தராது. ஸ்டெபிலைசர் பிரிட்ஜைக் காப்பாற்றும், வாங்கலாம். ஆனால் அது குறைந்த வோல்ட்டை ஏற்றிக் கொடுக்க லைனிலிருந்து அதிகக் கரண்ட்டை இழுக்கும். தெருவே ஸ்டெபிலைசர் வாங்கினால் லைன் வோல்டேஜ் இன்னும் சரியும்.

அடுத்து ஒருவர் வருவார்: "ஆயிரம் ரூபாய் கொடுங்கள், கம்பத்தில் ஏறி வேறு பேஸுக்கு மாற்றிவிடுகிறேன்" என்பார். மின்வாரிய ஊழியர் அல்லாத எவரும் கம்பத்தில் ஏறக் கூடாது. இப்படி ஏறி உயிரை விட்டவர்கள் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். வோல்டேஜ் சீராகக் குறையாமல், உங்கள் விளக்கு மங்கும்போது பக்கத்து வீட்டு விளக்கு கண் கூசும்படி எரிந்தால், அல்லது உங்கள் வீட்டிலேயே திடீரென்று அப்படி எரிந்தால், அது லோ வோல்டேஜ் அல்ல. நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது ஒரு வீட்டுக்கு 100 வோல்ட்டும் இன்னொரு வீட்டுக்கு 300 வோல்ட்டும்கூடப் போகும். டிவி, பிரிட்ஜ், மிக்சி எல்லாம் சில நொடிகளில் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்க அறை அறையாக ஓடாதீர்கள்; மெயின் சுவிட்சை அணையுங்கள், பக்கத்து வீட்டாரையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். லைன்மேன் வந்து சரிசெய்து, வோல்டேஜை அளந்து காட்டும்வரை மெயினைப் போடாதீர்கள்.

உங்கள் தெருவுக்கு வருவோம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து நண்பகலிலும் இரவு 8 மணிக்கும் மீட்டர் அருகே வோல்ட்டை அளந்து, ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதை இணைத்து, எல்லா வீட்டு இணைப்பு எண்களோடும் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள். சுமையை மூன்று பேஸுக்கும் பிரிப்பது, தடித்த கம்பி போடுவது, தெருக்கோடிக்குக் கிட்டத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது ஆகியவை அவர்கள் வேலை. ஏற்கெனவே இணைப்பு உள்ள உங்களுக்கு ஒழுங்கான வோல்டேஜ் தருவது அவர்கள் கடமை; அதற்குத் தனியாகப் பணம் என்று எந்த இடைத்தரகர் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால், உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.