புதருக்குள் போன பந்தும் சிவப்புக் கம்பும்: ஆட்டத்தில் இருப்பது எந்தப் பந்து?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கிளப் கோல்ஃப் போட்டியில், ஆட்டம் தொடங்கும் இடமான டீயிலிருந்து நான் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து, சிவப்புக் கம்பு நட்ட ஓடைக்கு முன்னால் இருக்கும் அடர்ந்த புதர்ப் பக்கம் போனது. ‘இன்னொன்று அடித்துவிடுகிறேன்’ என்று சொல்லி இரண்டாவது பந்தை அடித்தேன். அது புல் வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயில் நின்றது. தேடத் தொடங்கியதுமே முதல் பந்து புதரோரத்தில் கிடைத்ததால், அதை அடித்து வெளியே கொண்டுவந்தேன். உடன் ஆடிய என் மாமா, அது செல்லாது என்கிறார். சரியா? பந்து கிடைக்காமலே போயிருந்தால், ஓடைக்கரையில் டிராப் செய்து, அதாவது ஒரு பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, ஆடியிருக்கலாமா? அங்கே பாம்பு நடமாட்டமும் உண்டு.”

உங்கள் மாமா சொன்னதுதான் சரி. பந்து தொலைந்துவிடலாம் என்ற ஐயத்தில் டீயிலிருந்தே மற்றொரு பந்தை அடிப்பவர், அது ப்ரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் மட்டும் பயன்படும் தற்காலிகப் பந்து) என்பதை அடிப்பதற்கு முன்பே தெளிவாக அறிவித்தாக வேண்டும் என்று விதி 18.3 சொல்கிறது. எந்த மொழியில் அறிவித்தாலும் தவறில்லை. ஆனால் “இன்னொன்று அடிக்கிறேன்” என்பது அறிவிப்பாகாது. மனத்தில் நினைத்திருந்தாலும் கணக்கில் வராது. எனவே இரண்டாவது பந்தை நீங்கள் அடித்த கணத்திலேயே முதல் பந்து ஆட்டத்தை விட்டு நீங்கிவிட்டது; பிறகு அது எத்தனை விரைவில் கிடைத்தாலும், நல்ல இடத்தில் கிடந்தாலும், உங்களைப் பொறுத்தவரை அது தவறான பந்துதான்.

கணக்கைப் பார்ப்போம். முதல் அடி ஒன்று, முதல் பந்தை விட்டு மறுபடி அடித்ததற்குத் தண்டம் (எண்ணிக்கையில் கூட்டப்படும் தண்டனை அடி) ஒன்று, இரண்டாவது பந்தின் அடி மூன்றாவது. புதரிலிருந்து முதல் பந்தை அடித்த அடி எண்ணிக்கையில் சேராது. ஆனால் தவறான பந்தை ஆடியதற்கு, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முறையில் இரண்டு தண்டம் உண்டு. ஆக ஐந்து. ஃபேர்வேயில் கிடக்கும் பந்தை நீங்கள் அடிப்பது ஆறாவது அடி. இதைத் திருத்தாமல் அடுத்த குழியின் டீயில் பந்தை அடித்துவிட்டால், ஸ்ட்ரோக் பிளேயில் தகுதி நீக்கம். குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறை என்றால் அந்தக் குழிக்குப் புள்ளி இல்லை, அவ்வளவே.

முறையாக அறிவித்திருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. ஓடைக்கு வெளியே புதரிலும் பந்து தொலைந்திருக்கலாம் என்பதால் ப்ரொவிஷனல் அடிக்க உங்களுக்கு உரிமை இருந்தது. புதரோரத்தில் முதல் பந்து கிடைத்ததும் இரண்டாவதைக் கைவிட்டு, தண்டம் ஏதுமின்றி முதல் பந்திலேயே தொடர்ந்திருக்கலாம். பந்து ஓடைக்குள்தான் போனது, வேறெங்கும் தொலைந்திருக்க வாய்ப்பில்லை என்றால் ப்ரொவிஷனலுக்கே இடமில்லை.

இனி ஓடைக்கரை டிராப். பந்து பெனால்டி பகுதிக்குள் (சிவப்பு அல்லது மஞ்சள் கம்பால் குறித்த, இந்த ஓடை போன்ற இடம்) இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும். விதிநூல் இதற்கு வைக்கும் அளவு குறைந்தது 95 விழுக்காடு. “அந்தப் பக்கம்தானே போனது” என்பது போதாது. தண்ணீர் தெறித்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும். இல்லையேல், ஓடையைத் தவிர பந்து மறைய வேறு இடமே இல்லாத தரையாக இருக்க வேண்டும். டர்பனின் உம்கேனி ஆற்றங்கரையில் கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் பெயரைத் தாங்கி நிற்கும் மைதானத்தைப் போல நீரும் புதரும் அருகருகே இருக்கும் இடங்களில் இந்த உறுதி எளிதில் கிட்டுவதில்லை. உங்கள் பந்துக்கு முன்னால் அடர்ந்த புதர் இருந்தது. ஆகவே, இரண்டாவது பந்தே அடிக்காமல் தேடியிருந்து, 3 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் (2019க்கு முன்புதான் 5 நிமிடம், மூத்த ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் அதையே சொல்கிறார்கள்) அது தொலைந்த பந்து. ஒரு தண்டத்துடன் டீக்குத் திரும்புவதே வழி. அதை விட்டுக் கரையில் டிராப் செய்து ஆடினால் தவறான இடத்திலிருந்து ஆடிய குற்றமும் சேரும்.

உறுதி இருந்தால், சிவப்புக் கம்புப் பகுதிக்கு ஒரு தண்டத்துடன் மூன்று வழிகள் உண்டு: முன் அடித்த இடத்துக்கே திரும்பலாம், பந்து கடைசியாக எல்லையைக் கடந்த புள்ளியையும் குழியையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போகலாம், அல்லது அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழியை நெருங்காமல் டிராப் செய்யலாம். மஞ்சள் கம்புக்கு மூன்றாவது வழி கிடையாது. கிளப் நீளம் என்பது, குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ‘பட்டர்’ மட்டையைத் தவிர்த்து, உங்கள் பையில் உள்ள மிக நீளமான கிளப்பின் (ஆட்ட மட்டையின்) அளவு. பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். பெனால்டி பகுதிக்குள் கிடக்கும் பந்தை அப்படியே ஆட முடிந்தால் தண்டமே இல்லை, கிளப்பைத் தரையில் ஊன்றவும் தடையில்லை.

பாம்பைப் பொறுத்தவரை விதி 16.2 உங்கள் பக்கம் நிற்கிறது. ஆபத்தான விலங்கு பந்தருகே இருந்தால் தண்டமின்றி விலகி டிராப் செய்யலாம். பந்து பெனால்டி பகுதிக்குள் கிடந்தால் இலவச விலகலும் அதே பகுதிக்குள்தான், வெளியே வர வேண்டுமானால் வழக்கமான ஒரு தண்டம். ஆனால் பாம்பே இல்லாவிட்டாலும் அடிக்க முடியாதபடி புதரின் நடுவே பந்து சிக்கியிருந்தால், பாம்பைக் காட்டி இலவச விலகல் கேட்க முடியாது. ஒரு தண்டத்தை ஏற்று, ஆட முடியாத பந்து என்றே அறிவிக்க வேண்டும்.