தலைவர்களை வேறு எப்படித் தேர்ந்தெடுக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்குப் பிடித்த வேட்பாளர் எப்படியும் தோற்பார். அவருக்குப் போட்டால் என் ஓட்டு வீண்தானே?

உங்கள் மேல் தப்பில்லை. ஒரே ஒரு பெயரை மட்டும் குறிக்கச் சொல்லும் முறைதான் உங்களை இந்த நெருக்கடியில் தள்ளுகிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் 537 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். மூன்றாவதாக வந்த ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,000-க்கும் மேல். "நேடர் இல்லையென்றால் யார்?" என்று அத்தனை பேரிடமும் ஓட்டுச்சீட்டு கேட்கவே இல்லை. அதிபர் யார் என்பதை முடிவு செய்ததே புளோரிடாதான்; கேட்டிருந்தால் அதிபரே மாறியிருக்கலாம்.

அதைக் கேட்பதுதான் விருப்ப வரிசை முறை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுவீர்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஆஸ்திரேலியாவில் இது 1918 முதல் இருக்கிறது. 1969-இல் வி.வி. கிரி இந்தியக் குடியரசுத் தலைவரானதும் இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணிய பிறகுதான்.

இதிலும் குறை உண்டு. எல்லோருக்கும் இரண்டாவது விருப்பமாக இருக்கும் நடுநிலையாளர், முதல் விருப்பம் குறைவு என்பதால் சீக்கிரமே வெளியேறிவிடலாம். வரிசைப்படுத்தும் எந்த முறையும் நியாயமான எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றாது என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1951-லேயே நிறுவிவிட்டார். ஆனாலும் ஒரே பெயரோடு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

அதற்கு, முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்குள் மறுபடி ஓட்டெடுக்கும் இரண்டு சுற்றுத் தேர்தல் போதாதா?

போதாது. 2002-இல் பிரான்சின் அதிபர் தேர்தலில், முதல் சுற்றில் 16 பேர் நின்றார்கள். இடதுசாரி ஓட்டுகள் சிதறியதில் பிரதமர் ஜோஸ்பன் மூன்றாம் இடத்துக்குப் போனார். தீவிர வலதுசாரியான லு பென் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அங்கே அதிபராக இருந்த சிராக் 82 சதவீதம் வாங்கினார். அவரைப் பிடிக்காதவர்களும் வேறு வழியில்லாமல் போட்ட ஓட்டு அதில் ஏராளம்.

தேர்தலே வேண்டாம், குலுக்கல் போட்டால் பணமும் பிரச்சாரமும் ஒழியுமே?

இந்த ஆசை எனக்குப் புரிகிறது, பழைய ஆசையும்கூட. ஏதென்ஸில் 500 பேர் கொண்ட மன்றத்தைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். 10-ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறது: 30 குடும்புகள் (ஊரின் பகுதிகள்), வயது 35-க்கு மேல் 70-க்குள், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அந்தக் கடைசி விதியை எந்தக் காலத்துச் சட்டத்திலும் சேர்க்கலாம். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமே இடமிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் ஏதென்ஸ்காரர்களே படைத்தளபதிகளைக் குலுக்கலில் எடுக்கவில்லை, ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். என் கருத்தும் அதுதான். தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும். மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டுமே என்ற பயம் அவருக்கு இருக்க வேண்டும். கட்சிகள் தொடப் பயப்படும் விஷயங்களை ஆற அமரப் பேசி முடிவு சொல்லக் குலுக்கல் சபை அருமையான வழி. அயர்லாந்தில் 2016-இல் தொடங்கிய குடிமக்கள் சபையில் அப்படி 99 பேர் உட்கார்ந்தார்கள். கருக்கலைப்புத் தடையை நீக்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். 2018 பொது வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள்.

சரி, பழைய முறையில் ஜெயித்தவர்கள் அதை எதற்கு மாற்றப் போகிறார்கள்?

தானாக மாற்ற மாட்டார்கள். அதனால்தான் அந்த முடிவை அவர்கள் கையில் மட்டும் விடக் கூடாது என்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-இல் குலுக்கலில் எடுத்த சாதாரண மக்கள் 160 பேர் கூடி ஒரு புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தார்கள். மறு ஆண்டு பொது வாக்கெடுப்பில் அதற்கு 57 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு கிடைத்தது. ஆனால் அரசு வைத்த வரம்பு 60. திட்டம் அப்படியே நின்றது. நியூசிலாந்தில் அந்த வரம்பு இல்லை: 1993-இல் சுமார் 54 சதவீதம் பேர் மாற்றம் கேட்டார்கள், 1996 தேர்தலே, கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் புதிய விகிதாசார முறையில் நடந்தது. எனவே உங்கள் நாட்டில் இப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால், கேள்வியைப் படிப்பதற்கு முன் ஜெயிக்க எத்தனை சதவீதம் வேண்டும் என்று பாருங்கள்.