இஸ்லாமிய வங்கிகள் தரும் நிதியால் ஒரு மாகாணத்தின் பொருளாதாரம் வளருமா?

வளரும். ஆனால் அந்தப் பணம் எந்த வடிவத்தில், யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான். பல வருடம் வங்கியில் கடன் கோப்புகளோடு பழகியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைப் பாருங்கள். மாகாண அரசின் பேங்க் ஆச்சே 2016இல் முழுக்க ஷரீஆ வங்கியாக, அதாவது இஸ்லாமியச் சட்டப்படி வட்டியில்லாமல் இயங்கும் வங்கியாக மாறியது. 2018இல் வந்த மாகாணச் சட்டம், அங்கே இயங்கும் எல்லா நிதி நிறுவனங்களும் மூன்று வருடத்துக்குள் ஷரீஆ முறைக்கு மாற வேண்டும் என்றது. வட்டி வங்கிகள் கிளைகளை மூடின, அல்லது தங்கள் ஷரீஆ பிரிவிடம் ஒப்படைத்தன.

சரி, வறுமை குறைந்ததா? ஆச்சே இருக்கும் சுமத்ரா தீவில், வறுமை விகிதம் மிக அதிகமான மாகாணங்களில் ஒன்றாக அது முன்பும் இருந்தது, வங்கிகள் மாறிய பிறகும் இருந்தது. இதற்காக வங்கிகளைக் குறை சொல்வது நியாயமில்லை. நீண்ட உள்நாட்டுப் போர், 2004 சுனாமி, 2014இல் நின்றுபோன அருண் எரிவாயு ஏற்றுமதி என்று அந்த மண் பட்ட அடிகள் அதிகம்.

ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பேங்க் ஆச்சே கொடுத்துவந்த நிதியில் பெரும்பகுதி நுகர்வுக்குத்தான் போனது. அதிலும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வசதியான அரசு ஊழியர்களுக்கு. இதற்கு வாகான வடிவம் முராபஹா: வங்கி பொருளை வாங்கி, லாபம் வைத்துத் தவணையில் விற்கும். ஒருவர் இப்படி பைக் வாங்கினால் அவருக்கு நல்லது. பைக் தொழிற்சாலை இருப்பதோ ஜாவாவில். ஆச்சேயில் கொடுத்த நிதி ஜாவாவில் வேலை உண்டாக்குகிறது.

ஆச்சேயின் கயோ மலையில் காப்பி பயிரிடுபவருக்குத் தேவை வேறு. புதுச் செடி காய்க்க மூன்று வருடம் போல ஆகும், அதுவரை காத்திருக்கும் பணம் வேண்டும். அதற்குப் பொருத்தமானது முதாரபா: போடும் பணம் வங்கியுடையது, உழைப்பு அவருடையது, லாபத்தில் பேசிய பங்கு, அவர் கவனக்குறைவு இல்லாமல் நஷ்டம் வந்தால் போட்ட பணம் போவது வங்கிக்கு. வங்கிகள் இதற்குத் தயங்குவது எனக்குப் புரிகிறது. சிறு விவசாயியிடம் கணக்குப் புத்தகம் இருக்காது, விளைச்சலைக் கண்காணிக்க ஆள் வேண்டும், வைப்பாளர் எப்போது வேண்டுமானாலும் பணத்தைக் கேட்பார். ஆனால் இந்தச் சிரமத்தை ஏற்காமல், வட்டியை மட்டும் நீக்கிவிட்டால் ஊர் முன்னேறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று. எல்லாரையும் ஒருசில வங்கிகளிடமே விடுவதும் ஆபத்து. 2023 மே மாதம், நாட்டின் மிகப் பெரிய ஷரீஆ வங்கியான பேங்க் ஷரீஆ இந்தோனேசியாவின் சேவை பல நாட்கள் முடங்கியபோது ஆச்சே மக்கள் மிகவும் தவித்தார்கள், சட்டத்தைத் திருத்தலாமா என்ற பேச்சே எழுந்தது.

நீங்கள் ஆய்வுக்காகக் கேட்டிருந்தால், மொத்த நிதித் தொகையை மாகாண உற்பத்தியோடு ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். நன்றாக வளரும் ஊரைத் தேடித்தான் வங்கிக் கிளையே வரும், அதனால் எது காரணம் எது விளைவு என்பது குழம்பிவிடும். இந்தோனேசியப் புள்ளிவிவரங்களில் நடைமுறை மூலதனம், முதலீடு, நுகர்வு என்று நிதி தனித்தனியாகவே கிடைக்கிறது. முதல் இரண்டையும் தனியாக எடுத்துப் பாருங்கள்.